மின்சிக்கனம் மொட்டை மாடியில் தொடங்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பங்குனி பிறந்ததும் நாளிதழ்களில் மின்சிக்கனக் குறிப்புகள் வரத் தொடங்கிவிடுகின்றன. செல்போன் சார்ஜரைப் பிடுங்கி வையுங்கள், ஆளில்லாத அறையில் விளக்கை அணையுங்கள், ஏசியை 24-இல் வையுங்கள் என்று பத்துப் பன்னிரண்டு குறிப்புகள் ஒரே வரிசையில், ஒரே எடையில் அச்சாகின்றன. எதுவும் தவறில்லை. ஆனால் எதைச் செய்தால் எத்தனை யூனிட் குறையும் என்பது மட்டும் அவற்றில் இருப்பதில்லை. அதனால் படிப்பவர் சுலபமானதைச் செய்து பார்த்துவிட்டு, பில் இறங்கவில்லையே என்று எல்லாவற்றையும் விட்டுவிடுகிறார். விடுபட்ட அந்தக் கணக்கைத் தங்கள் வாசகர்களுக்குச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

போன் செருகாமல் பிளக்கில் கிடக்கும் இன்றைய சார்ஜர் ஏறத்தாழ 0.1 வாட் எடுக்கும். ஒரு பில் காலமான இரண்டு மாதம், அதாவது 1,440 மணி நேரமும் அது அப்படியே கிடந்தாலும் கால் யூனிட் கூட ஆகாது (ஆயிரம் வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட்). அதே பிளக் பாயின்டுக்குப் பக்கத்தில் இருக்கும் செட்டாப் பாக்ஸை ரிமோட்டில் அணைத்தாலும் பத்து வாட் வரை இழுத்துக்கொண்டே இருக்கும். இரண்டு மாதத்துக்கு 14 யூனிட். பழைய சீலிங் ஃபேன் 75 வாட். நாளுக்கு 16 மணி நேரம் சுற்றினால் ஒரே ஃபேனுக்கு 72 யூனிட், மூன்று ஃபேனுக்கு 216. இரவு எட்டு மணி நேரம் ஓடும் ஒன்றரை டன் ஏசி, மணிக்குச் சராசரியாக ஒரு யூனிட் எடுத்தால் 480. கோடை பில்லில் பெரும் பங்கு குளிர்ச்சிக்காகவே போகிறது. சிக்கனமும் அங்கேதான் தொடங்க வேண்டும்.

தமிழ்நாட்டுக் கட்டண அமைப்பில் 500 யூனிட் என்ற எல்லை ஏன் முக்கியம் என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. 2022 செப்டம்பர் கட்டண ஆணையை எடுத்துக்கொள்வோம். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் என்றால் முதல் 100 இலவசம், அடுத்த 100-க்கு 2.25 ரூபாய் வீதம், அதன்மேல் 200-க்கு 4.50, கடைசி 100-க்கு 6 ரூபாய்; மொத்தம் 1,725. ஒரே ஒரு யூனிட் கூடி 501 ஆனால், 101 முதல் 200 வரை இருந்த 2.25 ரூபாய்ச் சலுகை போய்விடும். அந்த நூறுக்கும் 4.50. பில் 1,958 ஆகும். ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாய். 500-க்கு மேல் ஒவ்வொரு யூனிட்டும் 8 ரூபாய், 600 தாண்டினால் 9. பின்னர் இந்த விலைகள் ஏறின. கோடையில் 520, 560 என்று எல்லையைச் சற்றே தாண்டும் வீடுகளுக்கு அந்த 20, 60 யூனிட்டைக் குறைப்பதில் கிடைக்கும் லாபம் வேறெதிலும் கிடைக்காது.

500-ஐ 60 நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு எட்டு யூனிட்டும் கொஞ்சமும், வாரத்துக்கு 58. கணக்கெடுத்த அன்றைய ரீடிங்கைக் குறித்துக்கொண்டு, ஞாயிறுதோறும் மீட்டரைப் பார்த்து எழுதுங்கள். திரையில் எண்கள் மாறி மாறி வரும். வோல்டேஜும் வரும், நேரமும் வரும். கே.டபிள்யூ.எச். என்ற எழுத்தோடு வருவதே யூனிட். மூன்றாவது வாரத்திலேயே 200-ஐத் தொட்டுவிட்டால் இன்னும் ஐந்து வாரம் கையில் இருக்கிறது, திருத்திக்கொள்ளலாம். பில் வந்தபின் பார்ப்பதில் பயனில்லை.

எந்தச் சாமான் எவ்வளவு இழுக்கிறது என்பதையும் அந்த மீட்டரே சொல்லும். முகப்பில் ஒரு சிறு சிவப்பு விளக்கு விட்டு விட்டு மின்னும். பக்கத்தில் 3200 என்றோ 1600 என்றோ அச்சிட்டிருக்கும். ஒரு யூனிட்டுக்கு அத்தனை மின்னல் என்று பொருள். 3200 மீட்டரில் நிமிடத்துக்கு ஒரு மின்னல் என்றால் சுமார் 19 வாட். வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒரு பழைய ஃபேனை மட்டும் போட்டால் நிமிடத்துக்கு நான்கு முறை மின்னும். ஏசி கம்ப்ரசர் முழு வேகத்தில் ஓடும்போது எண்பது. எல்லாம் அணைந்த பின்னும் மின்னிக்கொண்டிருந்தால் முதலில் யு.பி.எஸ். இன்வெர்ட்டரைப் பாருங்கள். பேட்டரி பழசானால் நிரம்பவே நிரம்பாமல் சார்ஜ் இழுத்துக்கொண்டிருக்கும். டிஸ்டில்டு வாட்டர் சீக்கிரம் வற்றுவதும் பேட்டரி தொட்டால் சுடுவதும் அதற்கு அடையாளம். அதுவும் இல்லையென்றால் வயரிங்கில் எர்த் கசிவு இருக்கலாம். இது பணத்தைவிட உயிர் சம்பந்தப்பட்டது. உடனே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டும்.

இனி மொட்டை மாடி. சித்திரை வெயிலில் தமிழ்நாட்டு வீட்டுக்கு வெப்பம் வரும் பெரிய வாசல் கூரைதான். ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் கன்னியாகுமரியிலும் கடைசி வாரத்தில் சென்னையிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. மே, ஜூன், ஜூலையில் அது உச்சிக்குச் சற்று வடக்கே நிற்கிறது. ஆகவே தெற்குச் சுவரில் வெயிலே விழுவதில்லை. கூரையும் கிழக்கு, மேற்குச் சுவர்களும்தான் முழுதாக வாங்குகின்றன. நான்கைந்து அங்குலக் கான்கிரீட் தளம் பகல் முழுக்கக் குடித்த சூடு உள்பக்கம் வந்து சேரச் சில மணி நேரம் ஆகும். நண்பகல் வெயில் படுக்கையறைக்கு வந்து சேர்வது மாலையில். அது தீர நள்ளிரவாகும். இரவு எட்டு மணிக்கு ஃபேனை நிறுத்திவிட்டு, ஸ்டூலில் ஏறி உட்கூரையில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். கை சுடுகிறதென்றால் அந்த அறையில் ஏசி குளிர்விப்பது காற்றை மட்டும் அல்ல, தலைக்கு மேல் கிடக்கும் பல டன் கான்கிரீட்டையும்தான்.

அந்தக் காலத்து மெட்ராஸ் டெரஸில் தளத்துக்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து மூன்று அங்குலம் கொட்டித் தட்டி, அதன்மேல் தட்டோடு பதித்தார்கள். தண்ணீர் வடியவும் சூடு இறங்காமலும் இருக்க அந்த ஒரு அடுக்கே போதுமானதாக இருந்தது. இன்று செலவையும் நாளையும் மிச்சம் பிடிக்க வெறும் சிமென்ட் பூச்சோடு விட்டுவிடுகிறார்கள். புது வீடு கட்டுகிறவர்கள் தயவுசெய்து இந்த அடுக்கைக் கைவிடாதீர்கள். கட்டி முடித்த வீட்டில் புதிதாக ஏற்றுவதென்றால் பாரம் கூடும். பொறியாளரைக் கேட்காமல் செய்யக் கூடாது.

பாரம் இல்லாத வழி வெள்ளை. சாம்பல் நிறச் சிமென்ட் தளம் மே மாத நண்பகலில் 60 டிகிரியை எட்டும். நல்ல வெள்ளைப் பூச்சு இருந்தால் அதே தளம் பத்து முதல் இருபது டிகிரி வரை குறைவாகவே சுடும். மேல்மாடி அறைக்குள் இரண்டு முதல் நான்கு டிகிரி வரை இறங்கும். மிகக் குறைந்த செலவு சுண்ணாம்பு. கிளிஞ்சல் சுண்ணாம்பை முதல் நாளே நீற்றி, துணியில் வடிகட்டி, மோர்ப் பதத்துக்குக் கரைத்து, வெள்ளையடிக்கும் பசை சேர்த்துக்கொள்ள வேண்டும். தளத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துப் பாசியும் மண்ணும் போகக் கழுவிய பின், ஈரம் இருக்கும்போதே மாலையில் அடிக்க வேண்டும். கொதிக்கும் தளத்தில் நண்பகலில் அடித்தால் நீர் சட்டென்று காய்ந்து, பிடிப்பு இல்லாமல் மாவாக உதிரும். கெட்டியாக ஒரு கோட் அடிப்பதும் தவறு, ஏடு ஏடாகப் பெயரும். மெல்லியதாக இரண்டு அல்லது மூன்று கோட், ஒன்றுக்கொன்று குறுக்காக. கண்ணில் தெறித்தால் புண்ணாகும், கண்ணாடி அணிவது கட்டாயம். வடகிழக்குப் பருவமழையில் பெரும்பகுதி கரைந்துபோகும். எனவே ஆண்டுதோறும் மாசியில் அடிக்க வேண்டிய வேலை இது. மழைநீர்த் தொட்டி உள்ள வீடுகளில் முதல் மழைத் தண்ணீரைத் தொட்டிக்குள் விடாமல் வெளியே திருப்புங்கள்.

சில ஆண்டு நீடிக்க வேண்டுமானால் கூரைக்கென்றே வரும் வெப்பப் பிரதிபலிப்புப் பெயின்ட். சுவருக்கு அடிக்கும் வெள்ளை எமல்ஷனை மாடியில் அடித்தால் தேங்கிய தண்ணீரில் உப்பிப் பெயரும். டப்பாவில் எஸ்.ஆர்.ஐ. என்ற எண்ணை, அதாவது வெயில் சூட்டை எவ்வளவு திருப்பி அனுப்பும் என்ற அளவைப் பாருங்கள், 100-க்கு மேல் இருப்பது நல்லது. பெரும்பாலான வகைகளில் ஒரு லிட்டர், இரண்டு கோட்டுக்கு 20 முதல் 25 சதுர அடி வரும். 1,000 சதுர அடி மாடிக்கு 20 லிட்டர் போதும் என்று ஒருவர் சொன்னால் அவர் தண்ணீர் ஊற்றி அடிக்கப் போகிறார் என்று பொருள். விரிசலை அடைத்து, தண்ணீர் தேங்கும் பள்ளத்தைச் சரிசெய்து, பிரைமர் அடித்த பிறகே பெயின்ட். அடித்ததோடு வேலை முடியாது. தூசி படிந்த வெள்ளை பாதி வெள்ளை. பங்குனி கடைசியில் ஒருமுறை மாடியைக் கழுவிவிடுங்கள்.

மாடியில் தண்ணீர் ஊற்றுவது பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் ஏறத்தாழ 0.67 யூனிட் அளவு வெப்பத்தைக் கொண்டுபோகும், உண்மை. ஆனால் குடம் குடமாக ஊற்றுவதில் பெரும்பகுதி ஆவியாகாமல் குழாய் வழியே இறங்கிவிடுகிறது. மீதி விரிசலில் புகுந்து கம்பியைத் துருப்பிடிக்க வைக்கிறது. அதைவிட, கம்பு நட்டு மூன்றடி உயரத்தில் நிழல் வலை கட்டுவது மேல். வலையைத் தளத்தின்மேலேயே விரித்தால் பயன் குறைவு. இடையில் காற்று ஓட வேண்டும். தென்னங்கீற்றுப் பந்தல் குளிர்ச்சிதான், தீப்பிடிக்கும் அபாயத்தையும் பக்கத்து வீட்டையும் யோசித்துச் செய்யுங்கள்.

அடுக்குமாடியில் நடுத் தளத்தில் இருப்பவர்களுக்குக் கூரை பிரச்சினை இல்லை. அவர்கள் பார்க்க வேண்டியது மேற்கு ஜன்னல். உள்ளே கனத்த திரை போடுவதால் வெளிச்சம் குறையும், சூடு குறைவது சொற்பம்; வெயில் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்த பிறகு அது அறைக்குச் சொந்தம். மூங்கில் தட்டியோ வெட்டிவேர்த் தட்டியோ வெளிப்பக்கம் தொங்க வேண்டும். காலை ஒன்பது மணிக்கு ஜன்னலை மூடி, மாலை வெளிக்காற்று உள்ளதைவிடக் குளிர்ந்ததும் திறப்பது, காசில்லாத வைத்தியம்.

அடுத்தது ஃபேன். என் கருத்தில் தமிழ்நாட்டுக் குடும்பம் செலவழிக்கும் சிக்கனப் பணத்தில் மிகச் சிறந்த செலவு இதுதான். பி.எல்.டி.சி. எனப்படும், பிரஷ் இல்லாத டி.சி. மோட்டார் ஃபேன் முழு வேகத்தில் 28 முதல் 35 வாட். பழைய ஃபேனுக்குப் பதில் மாட்டினால், நாளுக்கு 16 மணி நேரக் கணக்கில், ஒரு ஃபேனுக்கு இரண்டு மாதத்தில் 43 யூனிட் மிச்சம். மூன்று ஃபேனுக்கு ஏறக்குறைய 130. மேலே சொன்ன 520, 560 வீடுகள் இது ஒன்றிலேயே எல்லைக்குக் கீழே வந்துவிடும். ஒரே நிபந்தனை: பழைய ரெகுலேட்டரைக் கழற்றி, ஸ்விட்சிலிருந்து நேரடி இணைப்புக் கொடுக்க வேண்டும். இந்த ஃபேனுக்குள் எலக்ட்ரானிக் போர்டு இருக்கிறது. ரெகுலேட்டர் வழியே வரும் வெட்டுப்பட்ட மின்சாரத்தில் அது ரீங்காரமிடும், பிறகு எரியும். "பி.எல்.டி.சி. சீக்கிரம் போய்விடுகிறது" என்ற புகார்களில் பல இப்படி மாட்டியதால் வருபவை. ரிமோட் தொலைந்தால் என்ன செய்வது என்று அஞ்சும் பெரியவர்கள் இருக்கும் வீட்டில், ஸ்விட்சை அணைத்துப் போட்டே வேகம் மாற்றக்கூடிய மாடலாகக் கேட்டு வாங்குங்கள்.

புது ஃபேன் வாங்க இயலாதவர்கள் இரண்டைச் செய்யலாம். சுவரில் பெரிய பெட்டியாக, தொட்டால் சூடாக இருக்கும் பழைய ரெகுலேட்டர், வேகத்தைக் குறைத்தாலும் மிச்ச மின்சாரத்தைச் சூடாக்கி வீணடிக்கும். அதை எடுத்துவிட்டு ஸ்டெப் வகை எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் போட்டால் குறைந்த வேகத்தில் உண்மையாகவே மின்சாரம் குறையும். ஐந்தில் வைத்தும் காற்று வரவில்லையென்றால் பெரும்பாலும் 2.5 மைக்ரோஃபேரட் கெப்பாசிட்டர் தளர்ந்திருக்கும். குறைந்த விலைப் பொருள், மாற்றினால் பழைய வேகம் திரும்பும். இறக்கையின் முன்விளிம்பில் படியும் கறுப்புப் பிசுக்கும் காற்றைக் குறைக்கும்.

ஏசியில் முதல் தவறு 18-இல் வைப்பது. 18-இல் வைத்தால் சீக்கிரம் குளிரும் என்ற நம்பிக்கை சரியல்ல. சாதாரண ஏசியின் கம்ப்ரசருக்கு ஒரே வேகம்தான். 18 என்றாலும் 26 என்றாலும் அறை ஒரே வேகத்தில்தான் குளிரும், 18 வைத்தால் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும், அவ்வளவே. ஒரு டிகிரி கூட்டி வைத்தால் சுமார் 6 சதவீதம் மிச்சம் என்பது மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகத்தின் (பி.இ.இ.) கணக்கு. 2020 ஜனவரி முதல் புது ஏசிகள் 24-இல் தொடங்கும்படி வருவதும் அதனால்தான். 26-இல் வைத்து, சீலிங் ஃபேனை இரண்டில் சுற்ற விடுங்கள். உடம்புக்கு 24 போலவே இருக்கும். போடுவதற்கு முன் இருபது நிமிடம் ஜன்னலைத் திறந்து அறைச் சூட்டை வெளியேற்றுங்கள். காலை நான்கு மணிக்கு அணையும்படி டைமர் வையுங்கள். வெளிக்காற்று மிகக் குளிர்ந்திருப்பது விடியலை ஒட்டிய அந்த நேரத்தில்தான்.

கதவிடுக்கு சிறிய விஷயமாகத் தோன்றும். மூன்றடி அகலக் கதவின் கீழ் அரை அங்குல இடைவெளி என்றால் 18 சதுர அங்குலம், சுவரில் உள்ளங்கையளவு ஓட்டை போட்டதற்குச் சமம். பாத்ரூம் கதவு, பழைய வீட்டு வென்டிலேட்டர், ஏசி குழாய் நுழையும் துளை மூன்றையும் அடையுங்கள். ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வெறும் தண்ணீரில் கழுவி நிழலில் உலர்த்துங்கள். வெளி யூனிட்டுக்கு முன் இரண்டடியாவது காலியிடம் வேண்டும். திருட்டுக்குப் பயந்து நெருக்கமான கூண்டு போட்டால், அது விட்ட சூட்டையே திரும்ப இழுக்கும். ஆண்டுதோறும் "கேஸ் தீர்ந்துவிட்டது" என்று நிரப்பச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். கேஸ் பெட்ரோல் போலச் செலவாவதில்லை. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது. குழாய் இணைப்பில் சோப்பு நுரை போட்டுக் கசிவைக் கண்டு அடைத்தபின், எடை பார்த்து நிரப்பச் சொல்லுங்கள். பிளக் சூடானாலோ பழுப்பேறினாலோ இணைப்புத் தளர்ந்திருக்கிறது, உடனே நிறுத்துங்கள்.

திருச்சி, வேலூர், கரூர் போன்ற உலர்ந்த ஊர்களில் ஏசிக்குப் பதில் ஏர்கூலரே போதும். 100 முதல் 200 வாட்தான். ஜன்னல் திறந்திருந்தால் மட்டுமே அது வேலை செய்யும். மூடிவைத்தால் அறை புழுங்கும். சென்னை, நாகப்பட்டினம் போன்ற கடலோரத்தில் காற்றிலேயே ஈரம் இருப்பதால் கூலர் உதவாது.

ஃபிரிட்ஜைச் சுவரிலிருந்து அரை அடி தள்ளி வையுங்கள். கதவில் ஒரு காகிதத்தை வைத்து மூடி இழுத்தால் சிரமமில்லாமல் வந்துவிடுகிறதா, ரப்பர் பட்டையை மாற்றுங்கள். தண்ணீர் மோட்டார் முன்பைவிட நேரம் எடுத்துத் தொட்டியை நிரப்பினால் உறிஞ்சு குழாயின் அடியில் இருக்கும் ஃபுட் வால்வு கசிகிறதா என்று பாருங்கள். ஒரு குதிரைத்திறன் மோட்டார் மணிக்கு ஏறக்குறைய ஒரு யூனிட் எடுக்கும். கீசர் ஸ்விட்சை ஆடி வரை தொட வேண்டியதில்லை.

2024 மே 2 அன்று தமிழ்நாட்டின் மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. இதில் வீடுகளின் பங்கை அறிவுரையால் மட்டும் குறைக்க முடியாது. 2014-இல் அரசு 310 ரூபாய்க்கு வாங்கிய எல்.இ.டி. பல்பு, மொத்தக் கொள்முதலால் 2016-இல் 38 ரூபாய்க்கு இறங்கியது. இன்று வீடுகளில் குண்டு பல்பைக் காண்பதே அரிது. அதே வழியில் பி.எல்.டி.சி. ஃபேனை மின்வாரியப் பிரிவு அலுவலகங்களிலேயே, விலையைப் பில்லோடு தவணையாகப் பிடித்துக்கொள்ளும்படி விற்க வேண்டும். தெலங்கானா 2023-இலேயே குளிர்கூரைக் கொள்கை கொண்டுவந்து, கட்டட அனுமதியோடு அதைச் சேர்த்திருக்கிறது. நம் வீட்டுவசதி வாரியக் குடியிருப்புகளின் மொட்டை மாடிகளை ஒவ்வோர் ஆண்டும் மாசிக்குள் வெள்ளையடிக்க வாரியமே பொறுப்பேற்கலாம். ஏசி வாங்க முடியாத மேல்மாடிக் குடும்பங்கள் அங்கேதான் அதிகம் வெந்துகொண்டிருக்கின்றன.

தங்கள் நாளிதழ் அடுத்த முறை மின்சிக்கனக் குறிப்பு வெளியிடும்போது, ஒவ்வொரு குறிப்புக்கும் எதிரே இரண்டு மாதத்தில் எத்தனை யூனிட் மிச்சமாகும் என்ற எண்ணையும் சேர்த்து அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வீட்டு மின்பணிப் பொறியாளர்,
திருச்சி